குடை என்று வாசித்தேன்

பஸ் டிப்போவில் வேலை பார்த்த காலத்தில் எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. தரையில் நட்டோ போல்ட்டோ கிடந்தால் குனிந்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன். எதற்காவது உதவும். மெக்கானிக் எவனுக்கும் இந்தப் பழக்கம் உண்டு. அந்தப் போல்ட் எந்த வண்டியிலிருந்து விழுந்தது, அது இல்லாமல் அந்த வண்டி இப்போது எந்த ரோட்டில் ஆடிக்கொண்டு போகிறது என்று எவனும் யோசிப்பதில்லை. நானும் யோசித்ததில்லை.

ஓய்வு பெற்ற பிறகு கதை எழுத ஆரம்பித்தேன். நான் படித்தது ஐந்தாவது வரைக்கும்தான். உனக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்டவர்களிடம், சும்மா உட்கார முடியவில்லை என்றேன். அது பொய். நான் பேசும்போது யாரும் என்னை முடிக்க விட்டதில்லை. வாயைத் திறந்தால் பாதியில் ஒருவன் சிரிப்பான், ஒருவன் எழுந்து போவான். காகிதத்தில் குறுக்கே பேச ஆள் கிடையாது. அந்த ருசிக்காகத்தான் எழுதினேன்.

எனக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. நடந்ததைத்தான் எழுதுவேன். நடக்காததை உட்கார்ந்து ஜோடிக்கிறவனை நான் நம்புவதில்லை. பொதுவாகவே யாரையும் நம்புகிற ஆள் இல்லை நான். பிரேக் நன்றாக இருக்கிறது என்று டிரைவர் சொன்னாலும் நானே ஏறி ஒரு தரம் மிதித்துப் பார்ப்பேன்.

எழுதி முடித்ததும் மனைவியிடம் கொடுப்பேன். அவள் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்தவள். பேனாவோடு உட்கார்ந்து என் எழுத்துப் பிழைகளைத் திருத்துவாள். எழுத்தோடு விட மாட்டாள்.

"அன்னிக்கு எங்க மழை பெய்ஞ்சுது?" என்பாள்.

"பெய்ஞ்சா நல்லா இருக்கும்னு நினைச்சேன்."

"நீங்க நினைச்சா பெய்ஞ்சுடுமா?" என்று அந்த வரியை அடித்துவிடுவாள். நான் முறைப்பேன். ஆனால் அவள் அடித்தது அடித்ததுதான்.

அனுப்பிய கதை எல்லாம் திரும்பி வந்தது. ஒரு பத்திரிகை ஆசிரியர் மட்டும் ஒருநாள் போன் செய்து பேசினார். "ஐயா, தப்பா நினைக்காதீங்க. உங்க கதையில வண்டி நல்லா ஓடுது. உள்ள ஒரு மனுஷன் இல்ல" என்றார். வண்டியைப் பற்றி இவனுக்கு என்ன தெரியும் என்று போனை வைத்தேன். ஆனாலும் அந்தப் பேச்சு காலில் குத்திய ஆணி மாதிரி உள்ளேயே நின்றுவிட்டது.

மனுஷன் இல்லை என்றானே, என்னிடம் ஒரு மனுஷி இருந்தாள். என் மனைவி என்னிடம் மட்டும் சொன்ன ஒரு விஷயம் இருந்தது.

அவள் அதைச் சொன்னது அந்தப் போன் வருவதற்கு முன்பே. நாங்கள் இருவரும் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். கைக்குழந்தையோடு ஒரு சின்னப் பெண் ஏறினாள். குழந்தை வீறிட்டு அழுதது. என் மனைவி எழுந்து இடம் கொடுத்து, குழந்தையை வாங்கிக்கொண்டாள். "நீ கொஞ்சம் கண்ணை மூடும்மா, நான் பாத்துக்கறேன்" என்றாள். அந்தப் பெண் உட்கார்ந்தபடியே தூங்கிப் போனாள். எங்கள் நிறுத்தத்தைத் தாண்டியும் இவள் இறங்கவில்லை. அவளை எழுப்பி, குழந்தையைக் கொடுத்து, அவளை முதலில் இறக்கிவிட்ட பிறகுதான் இறங்கினாள். இவள் எப்போதுமே அப்படி. பஸ்ஸில் எங்கே போனாலும், கூட வந்த எல்லோரும் இறங்கிய பிறகுதான் இறங்குவாள். என் மகள் சின்ன வயதில், "அம்மா என்ன, வண்டியைப் பூட்டிட்டா வருவாங்க?" என்று கேலி செய்வாள். ஏன் அப்படி என்று நான் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்ததும் சமையலறைக் குழாயைக் கழற்றினேன். ஒழுகிக்கொண்டிருந்தது. அவள் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"ஒரு தடவை நான் இவளை பஸ்ல விட்டுட்டு இறங்கிட்டேன்" என்றாள்.

இவள் என்றால் எங்கள் மகள். ஒரே மகள்.

"மறந்துட்டியா?"

"மறக்கல. வெச்சிட்டு இறங்கினேன்."

குழாயிலிருந்து எடுத்த வாஷரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள். மகள் பிறந்து சில மாதம். ராத்திரி பகல் என்று இல்லாமல் அழுதுகொண்டே இருக்கும். எனக்கு அப்போது டிப்போவில் டபுள் டியூட்டி ஓடிக்கொண்டிருந்தது. அவள் தனியாக டாக்டரிடம் போய்விட்டு வருகிறாள். பக்கத்து சீட் காலி. அழுது அழுது குழந்தை அப்போதுதான் ஓய்ந்திருக்கிறது. அதைத் துணியோடு சீட்டில் கிடத்திவிட்டு, வந்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டாள். பஸ் போய்விட்டது.

"கொஞ்ச தூரம் நடந்தேன். கை லேசா இருந்துச்சு" என்றாள். "நல்லா இருந்துச்சுங்க. அதுதான்."

அப்புறம்தான் ஓடியிருக்கிறாள். அடுத்த பஸ்ஸைப் பிடித்துக் கடைசி நிறுத்தம் வரைக்கும் போயிருக்கிறாள். அங்கே யாரோ ஒருவர் குழந்தையை வாங்கி வைத்திருந்தார் என்றாள்.

"அவளுக்கு இது எந்தக் காலத்திலயும் தெரியக் கூடாது" என்றாள்.

"நான் யார்கிட்ட சொல்லப் போறேன்" என்றேன்.

அந்த நேரத்தில் நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். கையைப் பிடித்திருக்க வேண்டும். செய்யவில்லை. வாஷரைப் பொருத்தினேன். 'கை லேசா இருந்துச்சு' என்று அவள் சொன்னது மட்டும் காதில் நின்றது. ஆகா, என்ன பேச்சு என்று உள்ளே ஒருவன் எழுந்து உட்கார்ந்தான். அவள் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். நான் குனிந்து போல்ட்டைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

ஆனால் எழுதத் துணிவு வரவில்லை. எழுதினால் அவள்தானே திருத்த வேண்டும்.

பிறகு அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை மூடியது. ஆள் தெரியும், எழுத்து தெரியாது என்ற நிலைமை. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் சொல்கிறேன். அவள் கண் மங்கியது எனக்கு வசதியாகப் போயிற்று. எதிர் நாற்காலியில் அவள் சும்மா உட்கார்ந்திருக்க, அவள் முன்னாலேயே அவளைப் பற்றி எழுதினேன்.

"என்ன எழுதறீங்க?"

"பழைய டிப்போ சமாச்சாரம்தான்."

பெண் குழந்தையை ஆண் குழந்தையாக்கினேன். ஊரை மாற்றினேன். கடைசியில் அவள் குழந்தையைத் திரும்ப வாங்கிக்கொள்கிற ஆபீஸில் ஒரு மின்விசிறியை ஓடவிட்டேன். மாற்றிவிட்டோம், இனி இது யாருடையதும் இல்லை என்று நினைத்தேன். திருட்டு வண்டிக்கு நம்பர் பிளேட் மாற்றுகிறவனும் இப்படித்தான் நினைப்பான். பிழைகளோடு அப்படியே அனுப்பினேன்.

ஆசிரியர் போன் செய்தார். "ஐயா, படிச்சிட்டு எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சே வரல" என்றார். வாழ்நாளில் யார் பேச்சையும் உடனே நம்பாத நான் அதை உடனே நம்பினேன். குளிக்கும்போது நினைத்தேன். கடைக்குப் போகும்போது நினைத்தேன். ஆபரேஷன் அறைக்குள் அவளை அழைத்துப் போனபோது வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு அதைத்தான் நினைத்தேன்.

ஒரு கண்ணில் ஆபரேஷன் முடிந்து, பிளாஸ்டிக் மூடி போட்டு, திரும்ப வந்து காட்டும்வரை எதையும் படிக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். பத்திரிகை அந்த வாரமே வந்துவிட்டது. என்னைவிட அவளுக்குத்தான் சந்தோஷம். தடவித் தடவி போனை எடுத்து மகளைக் கூப்பிட்டாள். "உங்க அப்பா கதை அச்சுல வந்துடுச்சுடி. கடையில வாங்கு. ரெண்டு வாங்கு" என்றாள். பிறகு காலை நீட்டி உட்கார்ந்து, "வாசிங்க" என்றாள்.

"உனக்குக் கண்ணு சரியாகட்டுமே. நீயே படிக்கலாம்."

"காது நல்லாத்தானே இருக்கு."

வாசித்தேன். பஸ், கூட்டம், புழுக்கம் எல்லாம் சரியாக வந்தது. அடுத்த வரி, மடியில் குழந்தை. என் வாய், "மடியில் குடை" என்றது.

"குடையை எதுக்கு மடியில வெச்சிருந்தா?"

"விலை உசந்த குடை."

அதற்குமேல் பின்வாங்க வழியில்லை. குழந்தை என்று வந்த இடமெல்லாம் குடை என்று வாசித்தேன். ராத்திரி முழுவதும் குழந்தை அழுதது என்று ஒரு வரி. குடை என்ன செய்யும்? குடை நனைந்திருந்தது என்றேன். அவள் குடையைச் சீட்டில் வைத்துவிட்டு இறங்கினாள். குடை இல்லாமல் நடந்தாள். கை லேசாக இருந்தது என்ற வரியைத் தாண்டிக் குதித்தேன். குடைக்காக ஓடினாள், குடையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள் என்று முடித்தேன். எனக்கு வேர்த்துவிட்டது.

அவள் சிரித்தாள். மூடி போட்ட கண்ணைத் தொடாமல், பக்கவாட்டில் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "ஒரு குடைக்காகவா இந்த ஓட்டம் ஓடினா? இதைப் படிச்சிட்டா அந்த ஆசிரியருக்குப் பேச்சு வரல?"

"அவங்க ரசனை அப்படி."

சிரிப்பு மெல்ல நின்றது. "புழுக்கமா இருந்துச்சுன்னு வாசிச்சீங்களே. மழை பெய்ஞ்சுதா என்ன?"

"இல்ல."

"அப்ப குடை எப்படி நனைஞ்சுது?"

பக்கத்தைப் புரட்டினேன். "பத்திரிகையில மாத்தியிருப்பாங்க" என்றேன்.

"சரி, மூடி வைங்க" என்றாள். அன்றைக்கு அதற்குமேல் கதையைப் பற்றிப் பேசவில்லை. பத்திரிகையைக் கொண்டுபோய் என் டூல் பெட்டிக்கு அடியில் வைத்தேன்.

மறுநாள் டைம்கீப்பர் வந்தான். டிப்போவில் வண்டி கிளம்புகிற நேரம், வருகிற நேரம் எழுதியவன். என் வயதுதான். ஊர் வம்பையெல்லாம் வாயில் வைத்திருப்பவன், என்னைக் கண்டால் ஏதாவது குத்தலாகச் சொல்லாமல் இருக்க மாட்டான். கதை அச்சில் வந்ததற்குப் பெரிதாக ஏதோ வைத்திருப்பான் என்று காத்திருந்தேன். "படிச்சேன்" என்றான். அவ்வளவுதான். என் மனைவியைப் பார்த்து, "கண்ணு எப்படிம்மா இருக்கு?" என்றான். தண்ணீர் குடித்தான். போய்விட்டான்.

"என்ன, டைம்கீப்பர் இவ்வளவு சீக்கிரம் போயிட்டார்?" என்று அவள் கேட்டாள்.

"வயித்தெரிச்சல்" என்றேன். உண்மையாகவே அப்படித்தான் நம்பினேன்.

கண்ணைக் காட்டப் போகிற நாளில் மகளும் வந்தாள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள், ஆபீஸ் வேலை. பாதி நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தாள். நேராக ஆஸ்பத்திரி வரவேற்பு அறைக்கே வந்து எங்களோடு உட்கார்ந்தாள். அவள் அம்மாவின் பெயரைக் கூப்பிட்டு உள்ளே அழைத்துப் போனார்கள். கதவு மூடியதும் மகள் கைப்பையைத் திறந்து பத்திரிகையை எடுத்தாள்.

"வர்ற வழியில வாங்கினேன். இனிமேதான் படிக்கணும்."

"வீட்டுல போய்ப் படியேன். இங்க ஒரே சத்தம்."

"நம்பர் கூப்பிடறதுதானேப்பா, பரவால்ல."

படிக்கத் தொடங்கினாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் சுவரில் கண்ணின் உள்பாகங்களை வரைந்து ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தேன். பக்கம் திரும்புகிற சத்தம் கேட்டது. இப்போது அந்தப் பெண் பஸ் ஏறியிருப்பாள். இப்போது இறங்கியிருப்பாள். தெரிந்துவிடுமோ என்று பயந்தேன். அந்தப் பயத்தோடு இன்னொன்றும் இருந்தது. நன்றாக இருக்கிறது என்று சொல்வாளா என்றும் காத்திருந்தேன். என் மகளிடமிருந்து ஒரு சபாஷ். அந்த இரண்டில் எது பெரிதாக இருந்தது என்று கேட்டால் இன்றைக்கும் தலையைக் குனிந்துகொள்வேன்.

பத்திரிகையை மூடினாள். "நல்லா எழுதியிருக்கீங்கப்பா."

அவளுக்குத் தெரியவில்லை. மூச்சு வந்தது. அத்தோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"ஆனா?" என்றேன்.

"ஆனா ஒண்ணுமில்ல."

"சொல்லு."

"நம்பற மாதிரி இல்லப்பா. பெத்தவ எப்படி சீட்டுல வெச்சிட்டு இறங்குவா? எனக்கும் ரெண்டு இருக்கு. எரிச்சல் வரும். ரெண்டு போடலாம்னுகூட வரும். இறங்கிப் போக மாட்டா. இதெல்லாம் ஆம்பளைங்க நிம்மதியா உக்காந்து ஜோடிக்கிறது."

ஜோடிக்கிறது என்றாள். அந்த ஒரு வார்த்தையை என்னால் தாங்க முடியவில்லை. திருடினான் என்று சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்.

"நடந்ததும்மா" என்றேன்.

"யாருக்கு?"

வாயை மூடிக்கொண்டேன். ஆனால் கண் மூடவில்லை. அது அவள் அம்மா உள்ளே போன கதவுக்குப் போயிற்று. உடனே சுவருக்கு இழுத்தேன். அதற்குள் அவளும் அந்தக் கதவைப் பார்த்துவிட்டாள்.

யார் யார் பெயரையோ கூப்பிட்டார்கள். "கதையில ஆம்பளைக் குழந்தைன்னு இருக்கு" என்றாள், குரலே இல்லாமல்.

"கதைக்காக."

"கதைக்காக" என்று திருப்பிச் சொன்னாள். பத்திரிகையைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். அது பாதியில் சிக்கிக்கொண்டது. நான் கை நீட்டினேன். பையை மறுபக்கம் வைத்துக்கொண்டாள்.

கதவு திறந்தது. அவள் அம்மா கறுப்புக் கண்ணாடியோடு வந்தாள். பார்வை நன்றாகத் திரும்பிவிட்டது, இனி கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்கலாம் என்று சொன்னார்களாம். கண்ணாடியைத் தூக்கிவிட்டு மகளைப் பார்த்தாள். "அடியே, இவ்வளவு நரைச்சுப் போச்சா உனக்கு" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு மறுபடி மகளை. சிரித்துக்கொண்டே வந்தவள் சிரிப்பை அங்கேயே விட்டுவிட்டாள்.

பஸ்ஸில் திரும்பினோம். அவர்கள் இருவரும் ஒரு சீட்டில், நான் பின்னால். மகள் ஜன்னல் பக்கம். எங்கள் நிறுத்தம் வந்தது. நான் முன்னால் இறங்கினேன். மகள் இறங்க வழிவிட்டு, வழக்கம் போல அவள் அம்மா படிக்கட்டுப் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றாள்.

"நீ இறங்கும்மா" என்றாள் மகள்.

"நீ முன்னால போ."

"நீ முன்னால இறங்கு. நான் பின்னாலயே வரேன்."

"ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் இறங்குங்கம்மா, வண்டி போகணும்" என்றான் கண்டக்டர்.

என் மனைவி மகளின் முகத்தைப் பார்த்தாள். கீழே நிற்கும் என்னைப் பார்த்தாள். ஆபரேஷன் செய்த கண் தெளிவாகத்தான் பார்த்தது. பிறகு கம்பியை விட்டுவிட்டு இறங்கினாள். இறங்கியவள் திரும்பி, கையை மேலே நீட்டியபடியே நின்றாள். மகள் இறங்கி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் செருப்பு நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டு வாசல் வரைக்கும் வந்த மகள் உள்ளே வரவில்லை. பத்திரிகையை எடுத்து அம்மாவிடம் கொடுத்தாள். "நீயே படிச்சுக்கோ. அவசரம் இல்ல. எனக்குக் கோபமும் இல்ல" என்றாள். அம்மாவின் கண்ணாடியைச் சரிசெய்துவிட்டாள். கிளம்பும்போது என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, என் பிள்ளைங்களைப் பத்தி எதுவும் எழுதாதீங்க."

குரலில் கோபம்கூட இல்லை. நாய் இருக்கும் வீட்டில் கேட்டைச் சாத்திக்கொள்ளச் சொல்வது போலச் சொன்னாள். அதற்குப் பிறகு தினமும் போன் செய்கிறாள். நான் எடுத்தால், "அம்மாகிட்ட குடுங்க" என்கிறாள்.

என் மனைவி மறுநாள் பகலில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தாள். பூதக்கண்ணாடி ஒரு கையில், பேனா ஒரு கையில். அச்சில் வந்த கதையைத் திருத்தி என்ன பயன் என்று நான் கேட்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்தேன். திட்டினால் திட்டட்டும், பத்திரிகையை முகத்தில் எறிந்தால் எறியட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். அவள் அங்கங்கே ஒரு எழுத்தைத் திருத்தினாள். கை லேசாக இருந்தது என்ற இடத்தில் பூதக்கண்ணாடி ரொம்ப நேரம் நின்றது. பேனா அதை அடிக்கவில்லை.

"குடை" என்றாள் ஒருதரம், தனக்குள்.

முழுதும் படித்துவிட்டுப் பேனாவை மூடினாள்.

"இந்தப் பொம்பளைக்குப் புருஷன்னு ஒருத்தன் இருப்பானே. அவன் எங்க?"

"கதையில அவன் வரல."

"அதான் கேக்கறேன்."

மேலே, எனக்கு அப்போது டபுள் டியூட்டி ஓடிக்கொண்டிருந்தது என்று எழுதியிருக்கிறேன். அந்த வரியை அடிக்கவில்லை. இருக்கட்டும். டபுள் டியூட்டி எதுவும் இல்லை. குழந்தை அழுகிற வீட்டுக்கு வரப் பயந்து, டிப்போவின் பின்பக்கம் ரிப்பேருக்கு நின்ற வண்டிகளில் ஏறிப் படுத்துத் தூங்குவேன். வீட்டில் டபுள் டியூட்டி என்று சொல்லிவிடுவேன். இத்தனை வருஷம் சொன்னதால் எனக்கே அது நடந்த மாதிரி ஆகிவிட்டது. நடந்ததைத்தான் எழுதுவேன் என்று மார் தட்டிய ஆள் நான்.

"டபுள் டியூட்டி பாத்துட்டு இருந்தேன்" என்று அப்போதும் ஆரம்பித்தேன். வாய்க்கு வெட்கம் கிடையாது.

"அந்த பஸ் கடைசியா எங்க போய் நிக்கும்? உங்க டிப்போவுலதான்" என்றாள். "குழந்தையை வாங்கி வெச்சிருந்தது யாரோ இல்ல. டைம்கீப்பர். நான் போனப்ப அவர் ரூம்ல வெச்சிருந்தார். அவரைக் கூப்பிட்டு விடட்டுமா, பின்னாலதான் இருக்கார்னு உங்களைச் சொன்னார். ஜன்னல் வழியா பாத்தேன். பின்னால நின்ன வண்டியோட படியில உங்க செருப்பு கிடந்துச்சு. ஒண்ணு நேரா, ஒண்ணு கவிழ்ந்து."

ஜன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"வேண்டாம்னேன். எப்பவும் சொல்லாதீங்கன்னேன்."

"எங்கிட்ட சொன்னப்ப நீயும் இதைச் சொல்லலியே."

"உங்களை விட்டுட்டுத்தான் சொன்னேன். குழாயை ரிப்பேர் பண்ணிட்டு இருந்தீங்க. பாவமா இருந்துச்சு."

எனக்கு ஒன்றும் பேச வரவில்லை. ஆசிரியருக்குப் பேச்சு வராமல் போனது வேறு, இது வேறு. நான் அவளை எடுத்து அச்சில் போட்டேன். அவள் என்னைப் பற்றிய வரியை வெளியே தெரியாமல் அடித்துவிட்டுத்தான் எனக்கே கதையைச் சொல்லியிருந்தாள்.

பத்திரிகையை என் பக்கம் தள்ளினாள். "எல்லாருக்கும்தான் தெரிஞ்சு போச்சு. இன்னொரு தடவை எழுதறதா இருந்தா செருப்பையும் சேர்த்து எழுதுங்க. இல்லன்னா எழுதாதீங்க." எழுந்து கண்ணுக்குச் சொட்டு மருந்து எடுக்கப் போனாள். வழக்கமாக நான்தான் விட்டுவிடுவேன். அன்றைக்குத் தானே நிமிர்ந்து விட்டுக்கொண்டாள். பாதி கன்னத்தில் வழிந்தது.

இரண்டு நாள் கழித்து டைம்கீப்பரைப் பார்க்கப் போனேன். சாயங்காலங்களில் டிப்போ கேட்டுக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். வாய் ஓட்டை என்று நான் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்த ஆள். பக்கத்தில் உட்கார்ந்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் அடுக்கிக்கொண்டு வந்தது ஒன்றும் வரவில்லை. அவன்தான் ஆரம்பித்தான்.

"யோவ், கதையில அந்த ரூம்ல ஃபேன் ஓடுச்சுன்னு எழுதியிருக்க."

"ஆமா."

"அன்னிக்குக் கரண்ட் இல்ல. நான்தான் டிரிப் ஷீட்டை மடிச்சு விசிறிட்டு இருந்தேன். கையே போச்சு. நிறுத்தினா அழுவா, விசிறினா என்னையே பாத்துட்டுக் கிடப்பா, உம் பொண்ணு."

"இத்தனை வருஷத்துல எங்கிட்ட சொல்லணும்னு உனக்குத் தோணலியா?"

"தோணும். நீ என்னை நக்கல் பண்றப்பல்லாம் தோணும்." கேட்டுக்குள் திரும்புகிற ஒரு வண்டியைப் பார்த்தான், பழைய பழக்கத்தில் மணிக்கட்டையும் பார்த்துக்கொண்டான். "அந்தம்மா சொல்லாதீங்கன்னாங்க. அப்புறம் என்ன?"

அவ்வளவு லேசாகச் சொன்னான். அந்த நேரத்தில் நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கையையாவது பிடித்திருக்க வேண்டும். நிறுத்தினா அழுவா, விசிறினா பாத்துட்டுக் கிடப்பா. காதில் அதுதான் நின்றது. ஆகா என்று உள்ளே அதே ஆள் எழுந்து உட்கார்ந்தான். என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று.

"என்னய்யா தேடற?" என்றான் டைம்கீப்பர்.

"ஒண்ணுமில்ல" என்றேன்.